எட்டு மணிப் பாடமும் மனத்தடைகளும்

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்ற செய்தி ஒரு ஓகஸ்ட் மாதக் காலையில் கல்லூரித் தலைவரான ரெக்டரை எட்டியது. அங்கே படிப்பிக்கிற எங்களுக்கு அது வருடக்கணக்காகத் தெரியும். ஒக்டோபரில் வகுப்பு மெலியும், டிசம்பரில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆனால் மேலிடத்தில் யாராவது கேள்வி கேட்டால்தான் எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு விஷயம் உண்மையாகும். கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே எங்களை மண்டபத்தில் கூட்டி, கோப்பியும் வெண்ணெய் தடவிய பணிஸும் தந்து, "இந்த வருடம் ஒருவரையும் இழக்க மாட்டோம்" என்று ரெக்டர் அறிவித்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. கண் கலங்குவது அவருக்குச் சுலபமாக வரும்.

எங்களுடையது வளர்ந்தவர்களுக்கான கல்லூரி. சின்ன வயதில் பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடிக்காதவர்கள், வேறு நாட்டில் முடித்தும் இங்கே அது செல்லாது என்று சொல்லப்பட்டவர்கள், தொழிற்சாலையில் முதுகும் தோளும் போய் இனி வேறு வேலைதான் என்று ஆனவர்கள், எல்லோரும் ஒன்பதாம் பத்தாம் வகுப்புக் கணிதமும் இந்த நாட்டு மொழியான டெனிஷும் படிக்க வருவார்கள். நான் கணிதம். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்தவள். ஆகவே யார் ஏன் பாடத்துக்கு வராமல் விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குக் கோப்பன்ஹேகனிலிருந்து ஆலோசகர் தேவைப்படவில்லை.

ரெக்டருக்குத் தேவைப்பட்டார். வெள்ளைச் சப்பாத்தும் கழுத்தை மூடிய கறுப்புச் சட்டையும் அணிந்த ஒருவர் வந்தார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்து, "உன்னுடைய ஊக்கத்தின் மரத்தை வரை. வேர்களை மறக்காதே" என்றார். நான் வாழைமரம் வரைந்தேன். வாழைக்கு ஆணிவேர் கிடையாது, காற்றடித்தால் விழும் என்று விளக்கமும் சொன்னேன். "மிக ஆழமானது" என்று அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த டெனிஷ் ஆசிரியர், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், வெறும் தாளைக் கொடுத்தார். "என்னுடையதை வெட்டிவிட்டார்கள்" என்றார். அவரோடு எனக்கு அன்றிலிருந்துதான் சரியான நட்பு.

அதன்பின் மாற்றங்கள் நடந்தன. நடைபாதைக்கு மஞ்சள் நிறம் பூசினார்கள். நூலகத்தின் ஒரு பகுதியைக் காலியாக்கி, உட்கார்ந்தால் எழும்ப முடியாத பஞ்சுமூட்டைகளைப் போட்டார்கள். வாசலில் ஒரு பித்தளை மணி தொங்கியது. ஒரு பாடத்தில் சித்தியடைந்தவர் அதை அடிக்க வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கவென்று ஒரு வழிகாட்டிப் பெண் நியமிக்கப்பட்டாள். நல்ல பிள்ளை. அவளுடைய அறையில் பட்டப்பகலிலும் மெழுகுதிரி எரியும்.

எட்டு மணிக்குத் தொடங்கும் முதல் பாடம் மட்டும் எட்டு மணிக்கே தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை என்னுடைய கணிதம்.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். கிரின்ஸ்டெட் என்ற சிற்றூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வீடு. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ரீச்சர் என்பார். உணவுத் தொழிற்சாலையில் நீண்ட காலம் பெட்டி தூக்கி வலது தோள் போய்விட்டது. முதியோர் பராமரிப்புப் படிக்க வேண்டும் என்று தானாகவே முடிவெடுத்து வந்தவர். அதற்குக் கணிதமும் டெனிஷும் சித்தியடைய வேண்டும். பின்னம் என்றால் அவருக்குப் பயம், பயத்தைக் கோபமாகக் காட்டுவார். சேர்ந்த முதல் வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரீச்சர், நான் இஞ்ச படிக்கிறனெண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

"ஏன் அக்கா, களவோ எடுக்கிறீங்கள்?"

"களவெடுத்தால்கூடக் கொஞ்ச நாளிலை மறந்துபோவினம்."

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழா ஒன்றில், மகனை மருத்துவராக்கிய ஒரு தாய் என்னிடம், "நீங்கள் ஜிம்னேசியத்திலையோ படிப்பிக்கிறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கும் உயர்பள்ளி அது. இல்லை, வளர்ந்தவர்களுக்கான கல்லூரியில் என்றேன். "ஓ, மற்றதோ" என்று சொல்லிவிட்டு மிக்சர்த் தட்டை அடுத்த பக்கம் நீட்டினார். ஊரில் சாதி பார்த்த அதே நுணுக்கத்தோடு இங்கே கல்லூரி பார்க்கிறார்கள். பிள்ளையின் பட்டம் பெற்றோரின் நெற்றியில் எழுதியிருக்க வேண்டும். ஐம்பது வயதில் ஒரு பெண் ஒன்பதாம் வகுப்புக் கணிதம் படித்தால் அது குடும்பத்துக்கே வந்த நோய்.

இந்த அக்காதான் ஒவ்வொரு நாளும் பாதிப் பாடம் போன பிறகு வந்தார். கதவை மெதுவாகத் திறந்து, ஈரக் கோட்டோடு கடைசி மேசையில் இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பார். நான் விளக்கம் முடித்துக் கணக்குக் கொடுத்திருப்பேன். அவருக்கு ஒன்றும் விளங்காது. பக்கத்தில் இருப்பவளைக் கேட்பார், அவளுக்கும் விளங்கியிருக்காது. செப்டெம்பர் கடைசியில் சில நாட்கள் வரவேயில்லை.

உடனே திட்டம் விழித்துக்கொண்டது. வழிகாட்டி அவரை அழைத்தாள். டெனிஷ் போதாமல் போகலாம் என்று என்னையும் கூட இருக்கச் சொன்னாள். மெழுகுதிரியைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம்.

"உன்னை முதல் பாடத்துக்கு வரவிடாமல் தடுப்பது எது?" என்று வழிகாட்டி கேட்டாள்.

"பஸ்" என்றார் அக்கா, டெனிஷில்.

"சரி. பஸ்ஸைத் தவிர?"

"பஸ்."

வழிகாட்டி தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "சில நேரம் நாங்கள் ஒன்றைச் சொல்லுவோம், அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார்.

"பஸ் எண்டதுக்குப் பின்னாலை வேறை ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா" என்றேன்.

"பஸ்ஸுக்குப் பின்னாலை என்ன இருக்கும்? புகை இருக்கும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வழிகாட்டி இப்போது குரலை இன்னும் தாழ்த்தினாள். "வீட்டில் எப்படி? உன் கணவர் நீ படிப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்? இங்கே நீ எதையும் சொல்லலாம்."

இதற்காகத்தான் மெழுகுதிரி என்று எனக்கு அப்போது புரிந்தது. பஸ் எட்டரைக்கு வருகிறது என்பதை நம்ப அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தமிழ்க் கணவன் மனைவியைப் படிக்க விடமாட்டான் என்பதை, அவனைப் பார்க்காமலேயே, பாதி நம்பிவிட்டாள்.

"அவரோ?" என்றார் அக்கா தமிழில். "அவர் விடிய முந்தியே பண்டி வெட்டுற இடத்துக்கு வேலைக்குப் போயிடுவார். கார் அவரோடை போயிடும். போக முந்தி எனக்குப் பாணுக்கு முட்டை வைச்சுக் கட்டி மேசையிலை வைச்சிட்டுத்தான் போறவர். அதிலை மிளகு கூட. அதைத்தான் முறைப்பாடு செய்யலாம்."

இதை முழுவதும் மொழிபெயர்த்தேன், மிளகு உட்பட. அவள் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்பது அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் வெளிவந்தது: மாணவிக்கு உள் ஊக்கம் இருக்கிறது, ஆனால் இன்னும் பெயர் சூட்டப்படாத மனத்தடைகள் உள்ளன.

"பெயர் இருக்கிறது" என்றேன். "கிரின்ஸ்டெட் பக்கமிருந்து வரும் முதல் பஸ். அது நகரத்துக்கு வந்து சேரும்போது என் பாடம் பாதி முடிந்துவிடும். பிறகு ஸ்டேஷனிலிருந்து நடக்கவும் வேண்டும். அவரைப்போல இன்னும் சிலர் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்களும் அதே நேரத்துக்குத்தான் வர முடியும். கணிதத்தை ஒன்பதுக்கு வையுங்கள்."

ரெக்டர் என்னைக் கனிவோடு பார்த்தார். பஸ் எங்கள் கையில் இல்லை என்றார். பாட அட்டவணையைக் கொம்பியூட்டர் போடுகிறது என்றார். கொம்பியூட்டரை அவர் கடவுளைப்போலச் சொன்னார், தீர்ப்புத்தான் வரும், காரணம் வராது. ஆலோசகர் இடையில் புகுந்து, நாங்கள் மாணவருடைய பொறுப்புணர்வை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்றார். கடைசியில் ஒரு தீர்வு கண்டார்கள். முதல் பாடத்தைத் தவறவிடுகிறவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது.

அடுத்த நாள் அக்கா தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "நல்ல காலை! இன்று உன்னுடைய நாள்!" என்று இருந்தது.

"இது வரேக்கை நான் பஸ் தரிப்பிலை மழைக்குள்ளை நிக்கிறன். இவைக்கு வேறை வேலை இல்லையோ ரீச்சர்?"

"இதுதான் அக்கா இவையின்ரை வேலை."

அவர் சிரிக்கவில்லை. "இனி வந்து என்ன பிரயோசனம்? பாதியைக் கேட்டுப் பாதியை விளங்கி, நான் எப்ப சோதினை எழுதுறது? நான் நிப்பாட்டப்போறன்" என்றார். சொல்லிவிட்டு மஞ்சள் சுவரோரம் நின்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பது வயதுப் பெண் பள்ளிக்கூட நடைபாதையில் அழுவதை மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக நான் அவருக்கு முன்னால் குறுக்காக நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை.

அன்று மதியம் ஓய்வு பெறப்போகும் அந்த டெனிஷ் ஆசிரியரிடம் போனேன். என் வகுப்புக்கு என் பாடம் முடிந்ததும் அதே அறையில் அவருடைய பாடம். மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"அவர்கள் தனியாக வாசிக்க வேண்டிய நேரம் எப்படியும் இருக்கிறது. அதை எட்டு மணிக்கு வைக்கிறேன். பஸ்ஸில் வருகிறவர்கள் பஸ்ஸில் வாசிக்கட்டும். யாரிடம் அனுமதி கேட்டாய்?"

"உன்னிடம்."

"அது போதும்" என்றார்.

அடுத்த திங்களிலிருந்து மாறினோம். யாருக்கும் அறிவிக்கவில்லை. ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அக்கா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். மூச்சு வாங்கவில்லை. நான் பாடத்தின் முதல் வசனத்தைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. பாலர் பள்ளியிலிருந்து ஓடிவரும் டெனிஷ்க்காரத் தாய் ஒருத்தியும் இருந்தாள். முன்பு முகமே தெரியாத இன்னும் சிலரும் இருந்தார்கள். எல்லாம் உடனே நன்றாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் வாசித்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று அக்கா முறைப்பாடு செய்தார். பின்னம் வந்த நாட்களில் பென்சிலை மேசையில் எறிந்தார். ஆனால் வந்தார். நவம்பரில் வந்தார், டிசம்பர் இருட்டிலும் வந்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க அந்த முறை சண்டை நடந்தது.

கிறிஸ்மஸுக்கு முன் அகப்பட்டோம். அட்டவணைக்குப் பொறுப்பான பெண் எங்கள் அறைக்கு எதையோ பார்க்க வந்து, கணிதம் இருக்க வேண்டிய நேரத்தில் வந்திருந்தவர்கள் டெனிஷ் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டாள். ரெக்டர் இருவரையும் அழைத்தார். பாட அட்டவணை என்பது ஒரு பொது உடன்பாடு என்றார். நாங்கள் அவருடைய நம்பிக்கையை உடைத்துவிட்டோம் என்றார், கண் கலங்கியது. டெனிஷ் ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "வகுப்பு நிறைந்திருக்கிறது" என்றேன். "அது வேறு விஷயம்" என்றார் ரெக்டர். இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. மாணவர்களை இழக்கக் கூடாது என்று கூட்டம் வைத்த மனிதருக்கு மாணவர்கள் இருப்பது வேறு விஷயம்.

ஜனவரியில் ஆலோசகர் வந்து வகுப்பு வகுப்பாகப் பார்த்தார். எங்கள் வகுப்பு மட்டும் கரையாமல் இருந்தது. அதன்பின் ரெக்டர் எங்களை மறுபடி அழைத்தார். இந்தத் தடவை பணிஸ் இருந்தது. எங்களுடைய குற்றத்துக்கு இப்போது ஒரு பெயர் வந்திருந்தது: "மென்மையான தொடக்கம்". அது திட்டத்தின் மூன்றாவது தூண் என்று ஆலோசகர் விளக்கினார். முதல் இரண்டு தூண்களும் பஞ்சுமூட்டையும் குறுஞ்செய்தியும் என்று நினைக்கிறேன். நான் அந்தத் தூணுக்கு எதிரே இருந்து பணிஸ் சாப்பிட்டேன். பேச வாய் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

கொண்டாட்டம் ஒன்று வைத்தார்கள். மேலிடத்திலிருந்து இருவர் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். இடைநிலைச் சோதனையில் அக்கா சித்தியடைந்திருந்ததால் அவரை மணியடிக்கச் சொன்னார்கள். படமெடுக்க ஒருவர் கமெராவோடு தயாராக நின்றார்.

"நான் அடிக்கமாட்டன்" என்றார் அக்கா என்னிடம். "மணி அடிக்க நான் என்ன ஐயரோ? படம் பேப்பரிலை வந்தால் பிறகு எல்லாச் சனத்துக்கும் தெரியும்."

"வேண்டாம் என்கிறார்" என்று நான் சொன்னேன். வழிகாட்டி என் காதருகே வந்து, "கணவரா?" என்று கேட்டாள். அப்போது கணவரே வாசலில் நின்றார். மனைவியைக் கூட்டிப்போக வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மெல்லிய, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ரெக்டர் விரைந்து போய், ஆபத்தான ஒருவரைச் சாந்தப்படுத்துவதுபோல, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, "உங்கள் மனைவி மிகவும் பலசாலி. இது நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் பயணம்" என்றார். அந்த மனிதர், "ஓம், ஆனால் நான் காரிலை" என்றார் டெனிஷில். பிறகு கேக்கைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டு இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை மனைவிக்குக் கொடுத்தார். மணியை ரெக்டரே அடித்தார்.

ஜூனில் வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் என் பக்கத்தில் இருந்தார். அக்காவுக்கு முக்கோணமும் பரப்பளவும் வந்தது. கரும்பலகையில் படத்தை வரைந்துவிட்டு அப்படியே நின்றார். நான் ஒரு சொல் சொல்லக்கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக்கூடாது. மேசைக்கு அடியில் விரலை நெரித்துக்கொண்டிருந்தேன். பரிசோதகர், "அவசரமில்லை" என்றார்.

"நான் தமிழிலை யோசிச்சிட்டு டெனிஷிலை சொல்லட்டோ?" என்று அக்கா டெனிஷில் கேட்டார். யோசிக்கலாம் என்றார் அவர். அக்கா சத்தமாகவே யோசித்தார். "இந்தச் சனியன் பிடிச்ச முக்கோணத்தின்ரை அடி இது, உயரம் அது. பெருக்கினால் முழுப் பெட்டி வரும். பாதிதான் எனக்கு வேணும். பிறகேன் என்னைப் பயப்படுத்துறாய்?"

பரிசோதகர் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"முக்கோணத்தின் பண்புகளைப் பற்றிப் பேசுகிறார்" என்றேன். அது பொய்யல்ல.

அக்கா திரும்பி, டெனிஷில், தடுக்கித் தடுக்கி, முழுவதையும் சொல்லி முடித்தார். கடைசிக் கேள்வியில் சறுக்கினார். நாலு புள்ளி கொடுத்தோம். பன்னிரண்டை உச்சமாக வைத்த இந்த நாட்டுக் கணக்கில் அது சித்தி, ஆனால் பெருமைக்குரியதல்ல. வெளியே போய்ச் சொன்னபோது கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

"நாலோ?" என்றார். "இவ்வளவு மழைக்குள்ளை வந்ததுக்கு நாலோ? ஏழு தந்திருக்கலாம், ரீச்சர்."

"கடைசிக் கேள்வியைப் பிழையாகச் சொன்னீங்கள் அக்கா."

"அது அவர் கேட்ட விதம் பிழை" என்றார். கோபத்தோடு கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தவர், படிக்கட்டில் நின்று, திரும்பி வந்து, என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்.

டெனிஷ் பாடத்திலும் சித்தியடைந்து பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தார். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சியில் இருக்கிறார். அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். அங்கே இருக்கும் ஒரு கிழவர் இவர் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாராம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மமதை இருக்கும். கல்லூரியைப் பற்றி ஒருநாளும் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும்?

கல்லூரியில் அடுத்த ஓகஸ்ட்டில் புதிய ரெக்டர் வந்தார். பழையவர் பெரிய பதவிக்குப் போனார், எங்கள் வகுப்பைச் சாதனையாகக் காட்டித்தான். டெனிஷ் ஆசிரியர் ஓய்வு பெற்றார். கொம்பியூட்டர் புதிய அட்டவணையைத் துப்பியது: கணிதம், எட்டு மணி. புதிய ரெக்டரிடம் போய் மென்மையான தொடக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, இந்த வருடத்தின் கருப்பொருள் டிஜிட்டல் தைரியம் என்றார். டெனிஷுக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியையிடம் மாறலாமா என்று கேட்டேன். தனக்கு நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை, விதியை மீறப் பயமாக இருக்கிறது என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயப்படும்படிதான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே எட்டு மணிக்கு, வந்திருப்பவர்களுக்குப் படிப்பிக்கிறேன். அதே பாடத்தை மதிய இடைவேளையில், உணவகத்தின் மூலையில், பஸ்ஸில் வந்தவர்களுக்கு மறுபடி படிப்பிக்கிறேன். சூப் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டுத் தாளை விரிப்போம். சென்ற வாரம் மேசை போதாமல் இன்னொன்றை இழுத்துச் சேர்த்தோம். புதிய ரெக்டர் தட்டோடு அந்தப் பக்கமாக வந்தார், எங்களைப் பார்த்து நின்றார். "இது என்ன? அருமையாக இருக்கிறதே" என்றார்.

"சாப்பிடுகிறோம்" என்றேன்.